பூவுக்குப் பின்னால் இருந்த கறுப்பு

எங்கள் ஆனையூர் வீட்டு மொட்டைமாடியில் தொட்டியில் ஒரு நந்தியாவட்டைச் செடி இருக்கிறது. நான் வைத்ததல்ல. எனக்கு முன்னால் குடியிருந்தவர்கள் லாரியில் இடமில்லாமல் விட்டுப்போனது. நேற்றுக் காலை அது நாலைந்து பூ பூத்திருந்தது. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் ஃபோனை எடுத்துக்கொண்டு மேலே போய் நின்றேன். வெள்ளைப் பூவைப் பார்த்தால் படம் எடுக்காமல் இருக்க முடியாத வியாதி எனக்கு. இத்தனைக்கும் வெள்ளைப் பூக்கள் மேல் எனக்குப் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. மல்லிகை வாசம் மூக்கில் ஏறினால் அரைமணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். மதுரையில் இருந்துகொண்டு இதை வெளியில் சொன்னால் ரேஷன் கார்டையே பிடுங்கிக்கொள்வார்கள் என்பதால் யாரிடமும் சொல்வதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

வெள்ளைப் பூவைப் படம் எடுப்பதில் பூவால் தொல்லையே இல்லை. பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் தொல்லை. வானத்தைப் பின்னால் வைத்தால் பூ காணாமல் போய்விடும். எதிர்வீட்டுச் சுவரை வைத்தால் அவர்கள் போன பொங்கலுக்கு அடித்த ரோஸ் பெயிண்டு கண்ணைக் குத்தும். இன்னொரு பக்கம் கேபிள் வயர், அதற்கும் கீழே யாருடைய லுங்கியோ. இருப்பதிலேயே நல்ல பின்னணி எங்கள் வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிதான். ஆனால் அது அந்த மூலையில் இருக்கிறது, செடி இந்த மூலையில் இருக்கிறது. நகர்த்தலாமென்றால் என் இடுப்பு ஒத்துக்கொள்ளாது. நான் குனிந்தும் வளைந்தும் செடியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது துணி காயப்போட பவித்ரா வந்தாள். கீழ்வீட்டுக்காரரின் மருமகள். பேங்கில் வேலை பார்க்கிறாள், கெட்டிக்காரப் பெண்.

"பவித்ரா, இந்தப் பூவுக்குப் பின்னாடி கைய இப்படி வையேன்" என்றேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, புறங்கையைப் பூவுக்குப் பின்னால் கொண்டுவந்தாள். நல்ல கறுத்த கை. அவ்வளவுதான், பூ சட்டென்று எழுந்து நின்றது. இதழின் ஓரச் சுருக்கம், நடுவில் காற்றாடி மாதிரி ஒரு திருகல் இருக்குமே, அது, அடியில் ஓடும் லேசான பச்சை, எல்லாம் தெரிந்தது. எடுத்தேன். அவளிடம் காட்டினேன்.

"பூ சூப்பரா இருக்கு ஆன்ட்டி. கைய மட்டும் கட் பண்ணிட்டு அனுப்புங்க."

"ஏம்மா?"

"கருகருன்னு இருக்கு. பூவையே கெடுக்குது."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் புடவையை உதறிக் கொடியில் போட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு எங்கிருந்தோ பவுடர் வாசம் வந்தது. மாடியில் பவுடர் ஏது? அது இருபது வருடத்துக்கு முந்தைய பவுடர். அந்த வாசம் இன்னும் என் மூக்குக்குள்ளேயே குடியிருக்கிறது, வாடகை கொடுக்காமல்.

படிப்பு முடித்த கையோடு நான் வேலைக்குச் சேர்ந்தது தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் போகிற வழியில் இருந்த ஒரு ஸ்டுடியோவில். மனு கொடுக்க வருகிறவர்களும் வேலைக்கு எழுதிப்போடுகிறவர்களும் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருவார்கள். சடங்கு, வளைகாப்பு, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் பெண் போட்டோ என்று பெண்களும் வருவார்கள். அவர்களுக்காகத்தான் என்னை எடுத்தார்கள். வாசலில் 'பெண்களைப் புகைப்படம் எடுக்கப் பெண் உண்டு' என்று ஒரு போர்டு இருந்தது. அந்தப் பெண் நான். அந்த போர்டின் கீழே நின்று சிலர் என் கறுத்த முகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு இல்லையாம்மா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

ஸ்டுடியோவில் ஒரு மேக்கப் ரூம் உண்டு. ரூம் என்றால் நீங்கள் பெரிதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. அதில் ஒரு கண்ணாடி, பல் உடைந்த சீப்பு, ஒரு பவுடர் டப்பா, அந்த டப்பாவுக்குள் ஒரு பஞ்சு. அந்தப் பஞ்சை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. தல்லாகுளம் வட்டாரத்தின் வேர்வை அத்தனையும் குடித்து, ஓரம் கெட்டியாகி, பழுப்பேறி, தோசைக்கல் துடைக்கிற துணி மாதிரி ஆகியிருக்கும். கல்யாணமாகப் போகிற பெண்ணும் அதைத்தான் முகத்தில் ஒற்றிக்கொள்வாள், ஜாமீன் எடுக்க வந்த தாத்தாவும் அதைத்தான் ஒற்றிக்கொள்வார். கறுத்த முகம் என்றால் கூட வந்தவர்கள் இரண்டு கை கூடுதலாக அப்பிவிடுவார்கள். புருவத்திலும் காது மயிரிலும் பவுடர் அப்பிக்கொண்டு, மாவு மில்லில் இருந்து நேராக எழுந்து வந்தவர்கள் மாதிரி கேமராவுக்கு முன்னால் உட்காருவார்கள். நாங்கள் ரெடி சொல்வோம்.

முதலாளி பாண்டி அண்ணன். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டால் எனக்கு இந்தக் கதையைச் சொல்வது சுலபமாக இருக்கும். ஆனால் அவர் நல்லவர். தனக்கு டீ சொன்னால் எனக்கும் சேர்த்துத்தான் சொல்வார். மழை வந்தால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவருக்குப் பூ என்றாலே ஆகாது. தலை நிறைய மல்லிகையோடு யாராவது படியேறினால், "வந்துருச்சுய்யா வில்லங்கம்" என்று முணுமுணுப்பார். அவருடைய வேதம் ஒன்றே ஒன்று.

"வெள்ளப் பூவுக்குக் கறுப்புத் துணி, கறுத்த பிள்ளைக்கு நீலத் துணி. கறுத்த பிள்ளை வெள்ளப் பூ வச்சுட்டு வந்தா நம்ம கத கந்தல் தாயி."

அவர் சொன்னது தொழில் ரீதியாகச் சரிதான். பூவுக்கு ஏற்றமாதிரி வெளிச்சம் வைத்தால் கறுத்த முகம் இன்னும் இருண்டு தெரியும். முகத்தைப் பளிச்சென்று காட்ட வெளிச்சத்தைக் கூட்டினால் பூ எரிந்துபோகும். எரிவது என்றுதான் சொல்வோம். மொட்டு, காம்பு, நார் எதுவும் தெரியாமல் தலையில் பஞ்சை ஒட்டவைத்த மாதிரி ஆகிவிடும். அப்படியானால் எதைக் காப்பாற்றுவது? எங்கள் ஸ்டுடியோவில் அதில் சந்தேகமே வந்ததில்லை. பூவை எரித்துவிடுவோம். அதற்கு மேலும் முகம் போதவில்லை என்றால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெளுப்போம். அதையும் பெரும்பாலும் நான்தான் செய்வேன், சம்பளம் அதற்குத்தானே. என் சொந்த பஸ் பாஸுக்கே அண்ணன் ஆசையாக என்னை வெளுத்துக் கொடுத்தார். முதல் நாளே கண்டக்டர் பாஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அக்கா பாஸ எடுத்துட்டு வந்துட்டியா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

அன்று அந்த பஸ்ஸில் சிரிக்காமல் இருந்தது தனம் ஒருத்திதான். அப்போது நாங்கள் பரவையில் குடியிருந்தோம், அவள் எங்களுக்கு அடுத்த தெரு. அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், தக்காளியும் கத்திரியும் போட்டு பரவை மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவார். தனம் கோர்ட் பக்கம் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்தாள். ஆகவே இருவருக்கும் ஒரே பஸ், ஒரே நெரிசல், ஒரே மல்லிகைப் பூ நாற்றம். ஆமாம், நாற்றம்தான். காலையில் அது வாசனையாக இருக்கலாம். சாயங்கால பஸ்ஸில் டீசலும் வேர்வையும் கலந்து, பழுப்பேறி நசுங்கிய மல்லிகை என் மூக்குக்கு நேராக ஆடும்போது அதை வேறு என்னவென்று சொல்வது? தனத்துக்கு மட்டும் அது அலுக்காது. சம்பளம் வாங்கிய அன்று கட்டாயம் பூ வாங்குவாள். நல்ல கறுப்பு அவள். பவித்ராவின் கையைவிடக் கறுப்பு. எண்ணெய் தடவாமலேயே கழுத்து மினுங்கும். அந்தக் கழுத்தில் பூச்சரம் வந்து விழும்போது எனக்குத் தலைவலி கொஞ்ச நேரம் தள்ளிப்போகும்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். தனத்தின் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஸ்டுடியோவுக்கே வந்தார். கறுத்த பிள்ளை, வெள்ளைப் பூ. அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நீலத் துணியைத் தொங்கவிட்டார். பின்னாலிருக்கும் பூ தெரியவேண்டும் என்று சரத்தைத் தோள் வழியாக முன்னால் எடுத்துப் போட்டோம். அது அப்போது எல்லா ஸ்டுடியோவிலும் உள்ள பழக்கம். எடுத்து முடித்து அண்ணன் கம்ப்யூட்டரில் உட்கார, அம்மா அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

"இன்னுங் கொஞ்சம் தம்பி."

"ஏத்திட்டேம்மா."

"இன்னுங் கொஞ்சம் ஏத்துங்க."

"இதுக்கு மேல போனா பூவும் மொகமும் ஒண்ணாயிரும்மா."

"ஆகட்டும் தம்பி. வாரவுக பூவப் பாக்கவா வாராக?"

தனம் பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைத்தான் அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள், அவளிடம் யாரும் பேசவில்லை. கடைசியில் பிரிண்டில் இருந்த பெண் யாரென்று எனக்குத் தெரியவில்லை. கொழுக்கட்டை மாவில் கண்ணும் வாயும் வைத்த மாதிரி ஒரு முகம், பக்கத்தில் பஞ்சு. அம்மாவுக்குப் பரம திருப்தி. "இப்பத்தான் பிள்ளை மாதிரி இருக்கா" என்றார். பெற்ற தாய் சொன்ன வார்த்தை இது. பாசத்தில்தான் சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் குமட்டுகிறது.

அந்தப் படத்தைப் பார்த்துச் சோழவந்தான் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. தனம் காபியோடு வந்து நின்றதும் மாப்பிள்ளையின் மாமா நல்ல மரியாதையாகக் கேட்டாராம், "போட்டோல இருக்கது தங்கச்சிங்களா?" தனத்துக்குத் தங்கச்சி கிடையாது. வந்தவர்கள் காபியை வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டார்கள்.

அடுத்த வேலைநாளில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தனம் ஸ்டுடியோவுக்குத் தனியாக வந்தாள். அண்ணன் ஒரு காதுகுத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தார். அவள் கையில் வாழை இலைப் பொட்டலம். உள்ளே கட்டின மல்லிகை, இன்னும் விரியாத மொட்டு. எங்கள் பக்கத்தில் மல்லிகையை மொட்டாகத்தான் வாங்குவோம். விரிந்துவிட்டால் அது பழசு, யாரும் தொடமாட்டார்கள். வெளியூர்க்காரர்கள்தான் விரிந்த பூவைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள்.

"அக்கா, என்னய எடுங்க."

"அன்னைக்கு எடுத்தமே."

"அது எவளையோ எடுத்தீங்க. இன்னைக்கு என்னய எடுங்க. இனிமே இதத்தான் அனுப்பணும். பாத்துட்டு வாரவன் வரட்டும். வராதவன் அவுக வீட்லயே இருக்கட்டும்."

அவள் கோபமாக இருந்தாளா, அழுதுவிட்டு வந்தாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பவுடர் டப்பா பக்கம் அவள் திரும்பவே இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

முதலில் எங்கள் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டேன். அது கறுப்பாக இருந்து பல காலம் ஆகியிருந்தது. ஒட்டடையும் நூலும் அந்துருண்டை வாசமுமாகச் சாம்பல் நிறத்தில் தொங்கியது. நீலத் துணி வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். மூன்றாவது ஒரு பெயிண்டிங் திரை உண்டு. அதில் ஒரு அருவி, இரண்டு அன்னம், அன்னங்களுக்கு ஆட்டுக் கண். அதன் முன்னால் எத்தனை ஜோடிகள் நின்றிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவளைப் பின்பக்க நடைக்குக் கூட்டிப்போனேன். மேலே தகரம், ஒரு பக்கமிருந்து மட்டும் மெத்தென்ற வெளிச்சம் வரும். அங்கே நிற்கவைத்தபோதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. இவளுக்குப் பின்னால் என்ன வைப்பது என்றுதானே இத்தனை நேரம் யோசித்தேன்? பூவுக்குப் பின்னால் இவளே இருக்கிறாளே!

பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொன்னேன். சரத்தைக் காதுக்குக் கீழே இருந்து கழுத்தோடு இறக்கித் தோளில் விட்டேன். முகத்தை மட்டும் என் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொன்னேன். வெளிச்சத்தைப் பூவுக்கு வைத்தேன். முகம் இருண்டால் இருளட்டும், அவள் நிறமே அதுதானே. அப்படி வைத்ததும் நடந்ததை எப்படிச் சொல்ல? எதுவும் இருளவில்லை. மொட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. அவற்றை இறுக்கிக் கட்டிய நார் தெரிந்தது. கழுத்தின் கறுப்பில் அத்தனை விதமான கறுப்பு இருந்தது. முகம் முகமாகவே இருந்தது. கேமராவின் பின்பக்கத் திரையில் அதைப் பார்த்துவிட்டுத் தனம், "நாந்தான்" என்றாள்.

சாயங்காலம் அண்ணன் வந்து பார்த்தார். "படம் ஏ ஒன் தாயி. ஆனா இத எவனுக்கு அனுப்புவாங்க?" என்றார். அடுத்த நாள் தனத்தின் அம்மாவும் வந்து பார்த்தார். ஏதோ எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "பிரிண்டு போட்றாதீங்க, பழைய படத்துலயே இன்னும் ரெண்டு குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு பஸ்ஸில் தனம் என் காதருகில் வந்து சொன்னாள்.

"அக்கா, அது கம்ப்யூட்டர்லயே கெடக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுட்டுப் போனா எங்கம்மா கிழிச்சுரும். நா கேக்கும்போது குடுங்க."

நான் தலையாட்டினேன். கம்ப்யூட்டரைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் கிடையாது என்று அப்போது எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு என் அக்கா பிரசவத்துக்கு வர, நான் ஸ்டுடியோவுக்குச் சில வாரம் லீவு போட்டேன். அந்தச் சமயத்தில் பரவை மார்க்கெட்டில் தக்காளிக் கமிஷன் கடை வைத்திருந்த ஒருவர் காலண்டருக்குப் படம் கேட்டு அண்ணனிடம் வந்திருக்கிறார். வருஷா வருஷம் சாமி படம் போடுகிறோம், இந்தத் தடவை எல்லா மதத்துக்காரர்களும் வீட்டில் மாட்டுகிற மாதிரி பூப்படமாகப் போடு என்று கேட்டிருக்கிறார். அண்ணன் யோசித்திருக்கிறார். பூவுக்காக வெளிச்சம் வைத்து எடுத்த படம் அந்தக் கம்ப்யூட்டரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத் திறந்து, முகத்தை வெட்டி, தோளை வெட்டி, ரவிக்கை ஓரத்தை வெட்டி, பூவும் அதன் பின்னால் இருந்த கறுப்பும் மட்டும் மிஞ்சும்படி செய்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அவர் வாழ்க்கையில் செய்த மிக நல்ல வேலை அதுதான். அதைச் சொல்லவே எனக்கு எரிச்சலாக வருகிறது.

காலண்டர் வந்தது. கடைக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. மார்க்கெட் முழுக்க அதே பேச்சு. "என்னண்ணே, வெல்வெட்டு துணியில வச்சு எடுத்ததா?" என்று கேட்டவர்களுக்கு அண்ணனும், "ஆமா மாப்ள, ஸ்பெசல் வெல்வெட்டு" என்று சொல்லியிருக்கிறார். தக்காளி கொண்டுபோன தனத்தின் அப்பாவுக்கும் ஒன்று கொடுத்தார்கள். தனத்தின் அம்மா அதைக் கூடத்தில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினார். தினமும் காலையில் தேதி கிழிக்கும்போது, "எம்புட்டு அழகா எடுத்துருக்கான் பாரு" என்று சொல்வாராம். தனம் ஒரு நாள் பஸ்ஸில் இதைச் சொல்லித்தான் எனக்கே விஷயம் தெரியும். அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டிருக்கிறது. படத்தின் மேல் மூலையில், அண்ணன் வெட்டியது போக, கல் தோடு போட்ட காது நுனி ஒரு துளி மிஞ்சியிருந்தது.

"அம்மாட்ட சொன்னியா?"

"எதுக்குக்கா? நல்லாருக்குன்னு டெய்லி சொல்லுது. சொல்லட்டும், கேட்டுக்குறேன்."

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே அண்ணனிடம் போய்க் கத்தியிருக்க வேண்டும். அவர் வழக்கம்போல டீ சொன்னார். நான் குடித்தேன். "அந்தப் பிள்ளைட்ட ஒரு வார்த்த கேக்கலயேண்ணே" என்று மட்டும் சொன்னேன். "மூஞ்சி தெரியலயே தாயி, அப்புறம் என்ன?" என்றார். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

பிறகு இன்னொரு குடும்பம் பெண் பார்க்க வந்தது, அதே கொழுக்கட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு. இதில் நான் அங்கே இல்லை. தனம் சொன்னதைத்தான் சொல்கிறேன். மாப்பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்ததும் காலண்டரைப் பார்த்திருக்கிறார். "என்ன அம்சமா இருக்கு! பின்னாடி அம்புட்டுக் கறுப்பா இருக்கதாலதான பூவு இப்படி எடுப்பாத் தெரியுது" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது தனம் கேசரித் தட்டோடு வந்திருக்கிறாள். அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "போட்டோல நல்ல கலராவுல இருந்துச்சு" என்று இழுத்திருக்கிறார். தனத்தின் அம்மா, வெயில், அலைச்சல், வேலைக்குப் போகிற பிள்ளை, கல்யாணமானால் தெளிந்துவிடும் என்று என்னென்னவோ சொல்லியிருக்கிறார். தனம் தட்டைக் கீழே வைத்துவிட்டு, காலண்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, சடையை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாளாம்.

"அத்த, நீங்க சொன்ன அந்தக் கறுப்பு நாந்தான்."

"அப்புறம்?" என்று நான் கேட்டேன். பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் சிரித்தாள்.

"அப்புறம் என்ன. கேசரி தின்னுட்டுப் போனாக. அந்தம்மா போம்போது எந்த ஸ்டுடியோன்னு கேட்டுச்சு. அவுக மகளுக்கு எடுக்கணுமாம்."

சொல்லும்போது சிரித்தவளின் முகம் இறங்கும் இடம் வருவதற்குள் மாறிவிட்டது. அவர்கள் வந்துபோன அன்று ராத்திரி அவள் அம்மா கத்திரிக்கோலை எடுத்து, காலண்டர் அட்டையில் படத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுத் தேதியை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டாராம். தேதி வேண்டுமே, நல்ல நாள் பார்க்க வேண்டுமே. வெட்டிய துண்டைக் குப்பையிலிருந்து எடுத்துத் தனம் என்னிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த முழுப் படத்தக் குடுங்கக்கா. எனக்கு இப்ப வேணும்."

நான் ஓடாத குறையாக ஸ்டுடியோவுக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். தேடினேன். அந்தப் பெயரில் படம் இருந்தது. திறந்தால் பூ மட்டும் வந்தது. அண்ணன் வெட்டியதை அதே பெயரில், அதன் மேலேயே சேவ் செய்திருந்தார். வேறெங்கும் இல்லை. கேமரா கார்டில் அதற்குப் பிறகு எத்தனையோ சடங்குகள் ஏறி இறங்கிவிட்டன. அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"முழுசு எதுக்குத் தாயி? தேவையானத வெட்டி வச்சிருக்கேன்ல."

இதைவிட அசிங்கமான ஒரு வாக்கியத்தை நான் இதுவரை கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டில் குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்கள் பேசுவதெல்லாம் இதற்கு முன்னால் தேவாரம். இதை அவர் அன்பாக, என் தோளைத் தட்டிச் சொன்னார். நான் தனத்திடம் போய் இல்லை என்றேன். அவள், "சரிக்கா" என்றாள். மறுபடி எடுப்போம் என்று எத்தனையோ தரம் கூப்பிட்டேன், வரவில்லை. சம்பள நாளில் பூ வாங்குவதையும் விட்டுவிட்டாள். பஸ்ஸில் அவள் பக்கத்தில் நின்றால் எனக்குத் தலைவலி வராமல் போனது. அது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

தனத்துக்குக் கொஞ்ச காலம் கழித்துத் திருப்பூர் பக்கம் கல்யாணமானது. ஆல்பம் வேறு யாரோ எடுத்தது. பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் கொழுக்கட்டையும் பஞ்சும்தான். பிறகு தொடர்பு விட்டுப்போனது. நான் தல்லாகுளத்திலேயே ஒரு இன்சூரன்ஸ் ஆபீசுக்கு மாறிவிட்டேன். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது ஃபோனுக்குக் கவர் விற்கிறார்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்த பொந்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கிறது. அந்தப் பவுடர் பஞ்சு ஒழிந்தது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அது ஒழியவில்லை, ஃபோனுக்குள் போய்விட்டது. நேற்றுக் காலை எடுத்த படத்தை அன்றே ஆபீசில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தேன். யாரும் கேட்காமலேயே ஃபோன் பவித்ராவின் கையை ஒரு சுற்று வெளுத்திருந்தது. அப்படியும் அவளுக்குப் போதவில்லை.

மத்தியானம் அவளே கேட்டு வாங்கினாள். முழுப் படத்தையும் அனுப்பினேன். சாயங்காலம் அவள் ஸ்டேட்டஸில் பூ மட்டும் இருந்தது. கை என்று தெரியாதபடி இதழ் ஓரம் வரைக்கும் நெருக்கி வெட்டி, மிச்சமிருந்த கறுப்புக்கு மேல், சாயங்காலமானாலும், 'குட் மார்னிங்' என்று எழுதியிருந்தாள். கீழே என் பெயரும் போட்டிருந்தாள், நல்ல பெண்.

வீட்டுக்கு வந்து பீரோவில் இருந்த காலண்டர் துண்டை எடுத்துப் பார்த்தேன். பூவின் வெள்ளை மங்கி மஞ்சளாகிவிட்டது, பின்னால் இருக்கும் கறுப்பு அப்படியே இருக்கிறது. மேல் மூலையில் அந்தக் காது, அந்தத் தோடு. அதற்கு மேலே அவள் முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் என் கட்டைவிரல் இருந்தது. கேமராவில் பார்த்து அவளே 'நாந்தான்' என்று சொன்ன முகம். எடுத்தவள் நான். அதில் அவள் சிரித்தாளா, உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாளா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை.

பவித்ராவின் கை இருக்கிற முழுப் படத்தை ஃபோனில் வைத்திருக்கிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று போட்டாயிற்று. நான் அனுப்பியதை அவள் அழித்துவிட்டிருப்பாள், என்றைக்காவது வந்து கேட்பாள். கேட்டால் கொடுக்க வேண்டும்.